உரசாத உரைகல்

1913-ம் ஆண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 25 வயது இளைஞர் ஒருவர் இரவெல்லாம் விழித்து வேலை செய்துகொண்டிருந்தார். பெயர் ஹென்றி மோஸ்லி. விடியற்காலை 3 மணிக்கு அந்த ஊரில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதை ஆராயலாமா என்று மோஸ்லி கேட்டபோது ஆசான் ரூதர்ஃபோர்டு முதலில் தயங்கினார். அந்தத் துறையில் வழிகாட்ட அங்கே யாரும் இல்லை என்பது அவருடைய கவலை. மோஸ்லி விடவில்லை. லீட்ஸ் நகருக்குப் போய் வேலையைக் கற்றுக்கொண்டு வந்து, தானே ஒரு கருவியைக் கட்டினார்.

காற்று உறிஞ்சப்பட்ட ஒரு குழாய். அதற்குள் சின்னஞ்சிறு தண்டவாளம், அதன் மேல் ஒரு தள்ளுவண்டி, வண்டியில் வரிசையாக உலோகத் துண்டுகள். குழாயைத் திறக்காமல் வண்டியை நகர்த்த, தூண்டில் போடும் பட்டு நூல். கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரை ஒவ்வொன்றாகக் கதிர் பாயும் இடத்துக்கு இழுத்துவந்தார். அடிபட்ட ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியே வீசியது. ஒன்றின் கதிர் இன்னொன்றுக்கு இல்லை. வரிசையில் ஒரு தனிமம் தள்ளிப் போனால் கதிரும் ஒரு படி நகர்ந்தது. தனிமங்களை எடைப்படி அடுக்கிய பழைய பட்டியலுக்கு அணு எண் என்ற உறுதியான அடித்தளம் அன்று கிடைத்தது.

இடையில் அவர் ஒரு துண்டு பித்தளையையும் வைத்துப் பார்த்தார். செம்பின் கோடுகளும் துத்தநாகத்தின் கோடுகளும் தனித்தனியாக வந்து நின்றன. உருக்கவில்லை, அமிலத்தில் கரைக்கவில்லை. கலவைக்குள் என்ன இருக்கிறது என்று கதிரே சொல்லிவிட்டது. கோபால்ட் துண்டில் ஒளிந்திருந்த கலப்படம்கூடத் தலைகாட்டியது. வேதியியல் பகுப்பாய்வுக்கு இது வலிமையான வழியாகலாம் என்று தன் கட்டுரையில் போகிற போக்கில் குறிப்பிட்டார். அதை எழுதியவருக்கு இன்னும் 2 ஆண்டுகூட ஆயுள் இல்லை.

1914-ல் பாரிஸிலிருந்து ஜார்ஜ் உர்பேன் என்ற புகழ்பெற்ற வேதியியலாளர், தான் பிரித்தெடுத்த அரிய தனிமங்களோடு, மோஸ்லி அப்போது இருந்த ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தார். அவற்றைப் பிரிக்க அவருக்கு 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. மோஸ்லி சில நாட்களில் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு சொல்லிவிட்டார். 72-ம் தனிமம் என்று உர்பேன் நம்பிக் கொண்டுவந்தது 72 அல்ல என்பதையும் சேர்த்துத்தான். அந்த ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரேலியாவில் அறிவியல் மாநாட்டில் இருந்த மோஸ்லி, ஊர் திரும்பியதும் ராணுவத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10, துருக்கியின் கல்லிபோலி போர்முனை. தொலைபேசியில் கட்டளை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த சிக்னல் அதிகாரியின் தலையில் குண்டு பாய்ந்தது. வயது 27. தன் உடைமைகளை ஆராய்ச்சிக்காக ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிவைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் போர்களில் அறிவியல் இழந்தவர்களில் இவரைப் போல மனதை அறுப்பவர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. ஆள் போய்விட்டார்; 72-ம் தனிமத்தின் இடம் பட்டியலில் காலியாகவே கிடந்தது.

1922 டிசம்பரில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் நோபல் உரை நிகழ்த்த ஸ்டாக்ஹோமுக்குப் போயிருந்தார். உரைக்குச் சற்று முன்பு கோபன்ஹேகனிலிருந்து தொலைபேசி அழைப்பு. டிர்க் கோஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவெசியும் சிர்கான் தாதுவில் 72-ஐப் பிடித்துவிட்டார்கள், மோஸ்லி காட்டிய அதே வழியில். அதற்கு ஹாஃப்னியம் என்று பெயர் வைத்தார்கள். முறை ஜெயித்தது, கருவி மட்டும் ஜெயிக்கவில்லை. அது ஓர் அறையை அடைத்தது. எலக்ட்ரான் தாக்குதலில் மாதிரி சூடேறி ஆவியானது. விடையைப் படிக்கப் புகைப்படத் தகட்டைக் கழுவிக் காத்திருக்க வேண்டும். எலக்ட்ரானுக்குப் பதிலாக எக்ஸ் கதிரையே பாய்ச்சலாம் என்ற யோசனை வந்து ஒரு சிக்கல் தீர்ந்தது. தகட்டின் சிக்கலைத் தீர்க்க இன்னொரு உலகப் போர் வேண்டியிருந்தது.

அந்தப் போரில் ராணுவ வானொலிகளுக்குக் குவார்ட்ஸ் படிகங்கள் தேவைப்பட்டன. கோணம் பிசகாமல் அறுத்தால்தான் அவை வேலை செய்யும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன், எக்ஸ் கதிரையும் கைகர் கவுன்ட்டரையும் இணைத்து அந்தக் கோணத்தை உடனுக்குடன் அளக்கும் வழியைக் கண்டார். போர் முடிந்ததும் அதே ஏற்பாட்டில் படிகம் இருந்த திசையை விட்டுவிட்டு உலோகம் எது என்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. 1948-ல் பர்க்ஸ் என்பவரோடு சேர்ந்து தகடு இல்லாத எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வுக் கருவியை உருவாக்கிக் காட்டினார். 1960-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சிலிக்கான் உணர்வி வந்தது. பல தனிமங்களை ஒரே நேரத்தில் எண்ணியது. ஆனால் அது உயிரோடிருக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அந்தக் கனத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு யார் வயல்வெளிக்குப் போவது?

வயலுக்குப் போகும் முன்பே கருவியின் இன்னொரு வடிவம் செவ்வாய்க்குப் போய்விட்டது. 1976 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் வைக்கிங்-1 விண்கலம் அங்கே இறங்கியது. அதன் வயிற்றில் ஒரு சிறிய எக்ஸ் கதிர்ப் பெட்டி. மின்சாரக் குழாய்க்குப் பதில் கதிரியக்கத் துணுக்கு, சிலிக்கானுக்குப் பதில் வாயு உணர்வி. இயந்திரக் கை அள்ளிப் போட்ட செம்மண்ணில் இரும்பும் கந்தகமும் மிகுந்திருப்பதை அது பூமிக்குச் சொல்லி அனுப்பியது. செவ்வாயின் மண்ணை மனிதகுலம் முதன்முதலில் பகுத்தறிந்தது அப்படித்தான். அதே ஆண்டுகளில், அதே அமெரிக்காவில், ஒரு சுரங்க ஊரின் முற்றத்து மண் குழந்தைகளை மெல்லக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊர் ஐடஹோ மாநிலத்தின் கெல்லாக். 1885-ல் நோவா கெல்லாக் என்பவருடைய கழுதை ஓடிப்போய், அதைத் தேடிய இடத்தில் ஈயத் தாது பளபளத்தது என்று அங்கே இன்றும் கதை சொல்கிறார்கள். பங்கர் ஹில் சுரங்கம் அப்படித் தோன்றியது. 1917-ல் ஈயம் உருக்கும் ஆலையும் வந்தது. 1973 செப்டம்பரில் ஆலையின் வடிகட்டி அறையில் தீப்பிடித்தது. புகையிலிருந்து ஈயத் தூசியைப் பிடித்து வைக்கும் துணிப் பைகள் எரிந்தன. ஈயத்துக்கு நல்ல விலை கிடைத்த நேரம் அது. பழுது முழுதாகச் சரியாகும் முன்பே உலை தொடர்ந்து எரிந்தது. மாதக்கணக்கில் தூசி ஊர் மேல் இறங்கியது.

1974-ல் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆலையிலிருந்து ஒரு மைலுக்குள் இருந்த 1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் அநேகமாக எல்லாருக்கும் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். இன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவலைப்படத் தொடங்கும் எல்லை 3.5. 1981-ல் ஆலை மூடப்பட்டது, புகைபோக்கி ஓய்ந்தது, காற்று தெளிந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நம்பினார்கள். ஆனால் ரத்தத்தில் ஈயம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை.

குற்றவாளி காற்றில் இல்லை, காலடியில் இருந்தான். முற்றத்து மண் செருப்போடு வீட்டுக்குள் வந்து தூசியாகப் படிந்தது; தூசி குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குப் போனது. அந்த ஊரில் பல ஆண்டுகள் பாடுபட்ட பொறியாளர் இயன் வான் லிண்டர்ன், மனைவி மார்கிரிட் வான் பிரானோடு சேர்ந்து டெர்ராகிராஃபிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டை வடிவமைத்த வெர்னர் வான் பிரானின் மகள் அவர். அப்பா வானத்தைப் பார்த்தார். மகள் வீட்டுத் தூசியை அளந்தார். எனக்கு மகளின் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. பழைய சுரங்கத்தைச் சுற்றிய மண்ணின் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு இன்று உலகம் பின்பற்றும் பாடங்களில் பல கெல்லாக்கில் எழுதப்பட்டவை.

பாடம் இதுதான். மண்ணில் எவ்வளவு ஈயம் என்பது முதல் கேள்வி மட்டுமே. அது எந்த வழியாக, யாருடைய உடலுக்குள், எவ்வளவு போகிறது என்பதுதான் ஆபத்தின் அளவு. ஆளில்லாத குன்றின் மண்ணில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராமைவிட, அங்கன்வாடி வாசலின் 500 மில்லிகிராம் கொடியது. கூழாங்கல்லில் இருக்கும் ஈயத்தைவிட விரலில் ஒட்டும் நுண்தூளில் இருக்கும் ஈயம் கொடியது. ஈயம் எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம்: தாதுவிலுள்ள கந்தக ஈயம் வயிற்று அமிலத்தில் அவ்வளவு எளிதில் கரையாது, உலைப் புகையில் வரும் ஆக்சைடு எளிதாகக் கரையும். கெல்லாக்கில் ஒவ்வொரு முற்றமாக மண்ணை அளந்து, கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் ஈயத்தைத் தாண்டிய முற்றங்களின் மேல்மண்ணை வெட்டி எடுத்துப் புதுமண் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பிடி மண்ணையும் ஆய்வகத்துக்கு அனுப்பி விடைக்காகக் காத்திருந்தால் ஓர் ஊரைத் துப்புரவாக்க ஒரு தலைமுறை ஆகிவிடும்.

அந்தக் காத்திருப்பை உடைத்தது வேறொரு வீட்டுப் பிரச்சினை. அமெரிக்காவின் பழைய வீட்டுச் சுவர்களில் ஈயம் கலந்த பெயின்ட் இருந்தது. 1992-ல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கான சுவர்களைச் சுரண்டாமல் சோதிக்க வேண்டும். எம்ஐடி இயற்பியல் பேராசிரியர் லீ கிராட்சின்ஸ் 1987-ல் தொடங்கிய நைட்டன் நிறுவனம் முதலில் செய்தது வீடுகளில் ரேடான் வாயுவைக் கண்டறியும் கருவி. பிறகு அது ஈயத்தின் பக்கம் திரும்பி, கையில் பிடித்துச் சுவரில் வைத்துப் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கருவியைச் செய்தது. மின்சாரத்தாலேயே குளிரும் சிறு உணர்விகள் வந்து திரவ நைட்ரஜனை வீட்டுக்கு அனுப்பின. கதிரியக்கத் துணுக்கின் இடத்தை 2000-க்குப் பிறகு விரல் அளவு எக்ஸ் கதிர்க் குழாய் பிடித்தது. மோஸ்லியின் தண்டவாளம், தள்ளுவண்டி, பட்டு நூல் எல்லாம் சுருங்கி, விசை வைத்த ஒரு துப்பாக்கி வடிவக் கருவிக்குள் அடங்கிவிட்டன. சுவருக்காகப் பிறந்த அது மண்ணில் தன் வலிமையைக் காட்ட ஒரு பேரழிவு காத்திருந்தது.

2010 மார்ச். நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலக் கிராமங்களில் குழந்தைகள் வலிப்பு வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். மலேரியா என்று நினைத்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் ரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் தெரிந்தது. தங்கத்தின் விலை உலகெங்கும் ஏறிக்கொண்டிருந்த காலம். கிராமத்தார் தங்கத் தாதுவை வீட்டுக்குக் கொண்டுவந்து மாவு அரைக்கும் இயந்திரத்தில் அரைத்தார்கள். அந்தத் தாதுவில் தங்கத்தைவிட ஈயம் பல மடங்கு அதிகம். தூள் முற்றமெங்கும் படிந்தது. இறந்த குழந்தைகள் 400-க்கும் மேல்.

கெல்லாக்கின் அனுபவத்தோடு டெர்ராகிராஃபிக்ஸ் குழு அங்கே வந்து இறங்கியது. சில முற்றங்களில் கிலோவுக்கு 1,00,000 மில்லிகிராமைத் தாண்டிய ஈயம். அந்த ஊர்களில் ஆய்வகமும் இல்லை, சாலையும் சரியில்லை. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைத் தரையில் வைத்து விசையை அழுத்தினார்கள். ஒரு நிமிடத்தில் எண் வந்தது. எந்த முற்றத்தை வெட்டுவது, எதை விடுவது என்று நின்ற இடத்திலேயே முடிவானது. மேல்மண்ணை எடுத்துப் புதுமண் போட்ட வீட்டுக்குத்தான் சிகிச்சை முடிந்த குழந்தைகள் திரும்பினார்கள். மருந்து கொடுத்து மறுபடி நஞ்சுக்குள் அனுப்பினால் என்ன பயன்?

சம்ஃபாராவில் குழந்தைகளைக் காத்த இந்தக் கருவியைத் தமிழ்நாட்டில் பார்க்காத குடும்பம் குறைவு. தி.நகர் உஸ்மான் சாலையிலோ பொன்னேரி கடைத்தெருவிலோ பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, கடைக்காரர் வளையலை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுகிறாரே, திரையில் 91.6 என்றோ 84.3 என்றோ எண் வந்து நிற்கிறதே, அதே கருவிதான். கேரட் மீட்டர் என்று கடைகளில் சொல்கிறார்கள். உரைகல்லில் உரசி, கோட்டின் நிறத்தைப் பார்த்து மாற்றுச் சொன்ன ஆசாரியின் இடத்தில் மோஸ்லியின் கதிர் உட்கார்ந்திருக்கிறது. நகைக் கடையில் பெட்டி வடிவம், பழைய உலோகம் பிரிக்கும் யார்டுகளில் துப்பாக்கி வடிவம். உள்ளே இருக்கும் இயற்பியல் ஒன்று. தங்கத்தில் கால் சதவீதம் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும் அதை, நாம் மண்ணின் மேல் வைத்துப் பார்த்தோமா?

பார்த்ததுண்டு, கொஞ்சம். 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலியின் மண்ணை ஆய்வக எக்ஸ் கதிர்க் கருவியில் சோதித்திருந்தார்கள். குரோமியம் சில இடங்களில் கிலோவுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. 2009-ல் இன்னோர் ஆய்வு வந்தது. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நிறுத்தப்பட்டிருந்தது. பிறகும் இது எங்கிருந்து வந்தது?

சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி. ஏரிப் பாசன நெல்வயல்களுக்கு நடுவே சிப்காட் வளாகம்: இரும்பு உருக்கும் உலைகள், உருட்டாலைகள், ரசாயன ஆலைகள், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் உலைகள். அபாயக் கழிவுகளைப் புதைக்கும் நிலம் ஒன்றும் இங்கே இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி. சுற்றுவட்டாரத்தில் ஈயச் சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் எங்கோ சுரங்கத்தில் வெட்டிய ஈயம் பேட்டரியாகி, உழைத்து ஓய்ந்து, இந்தப் பக்கம்தான் வந்து சேர்கிறது. ஒரு கார் பேட்டரியில் ஏறத்தாழ 10 கிலோ ஈயம். 2012-ல் பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டியபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். அந்த பேட்டரிகளெல்லாம் சில ஆண்டுகளில் காயலான் கடைக்குப் போயின. பதிவு பெற்ற உலைக்குத்தான் போக வேண்டும் என்று 2001 முதல் விதி இருக்கிறது. இருந்தும் கொல்லைப்புறத்தில் உடைத்து, அமிலத்தைத் தரையில் ஊற்றி, சட்டியில் உருக்கும் வழக்கம் நாடு முழுக்க ஒழியவில்லை. உலைத் தூசியாக வரும் ஈயம் பெரும்பாலும் ஆக்சைடு. கெல்லாக்கின் பாடப்படி, தாதுவில் இருப்பதைவிட எளிதாகக் கரையும் வடிவம்.

இங்கே மண்ணை அளப்பது ஒன்றும் செவ்வாய்க்குப் போகிற வேலை இல்லை. மழை ஓய்ந்து தரை காய்ந்த மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம். ஈர மண்ணில் கருவி குறைத்துக் காட்டும். உலையிலிருந்து எல்லாத் திசையிலும் கட்டம் பிரித்து, காற்று அதிகம் வீசும் பக்கம் நெருக்கமாக, குழந்தைகள் விளையாடும் இடங்களில் இன்னும் நெருக்கமாக அளக்க வேண்டும். கருவி மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே பார்க்கும்; ஆர்செனிக்கின் கோடும் ஈயத்தின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் சில நேரம் குழம்பும்; குரோமியம் எந்த வகை என்று சொல்லாது. அதனால் சில மாதிரிகளைக் காயவைத்துச் சலித்து ஆய்வகத்துக்கும் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்கா வைத்திருந்த எச்சரிக்கை அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம். 2024-ல் அதை 200 ஆக இறக்கினார்கள். இந்த அளவுகளைத் துப்பாக்கி தாராளமாகக் கண்டுபிடிக்கும்.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கான விதிகளை அறிவித்தது. அப்போது நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்தவை 103 இடங்கள். சீரமைப்பு தொடங்கியிருந்தது 7-ல் மட்டுமே. சுரங்கப் பணிகளால் கெட்ட மண்ணுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன என்று அதை இந்த விதிகளுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். கெல்லாக்கையும் சம்ஃபாராவையும் அறிந்தவர்களுக்கு அது பெரும் குறையாகவே படும். ஆனால் கும்மிடிப்பூண்டி போன்ற உலை ஊர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீட்டையும், அடுத்த 3 மாதங்களில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டியலில் ஈய உலைகளை ஒட்டிய குடியிருப்புகளும், பேட்டரி உடைத்த கொல்லைகளும், அவற்றுக்கு அருகிலுள்ள பள்ளி, அங்கன்வாடி முற்றங்களும் முதலில் வர வேண்டும். அளந்த எண்களைத் தெருப் பெயரோடு அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். எண் மிகுந்த தெருக்களின் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும்.